கடைசி வரிசையில் நிற்கிறோம்: எஸ்.எஸ்.டி. விலையை யார் தீர்மானிக்கிறார்கள்?

2010 டிசம்பர் 8, புதன்கிழமை. ஜப்பானின் இசே வளைகுடாவை ஒட்டிய யொக்காய்ச்சி நகரத்தில் இன்னும் பொழுது விடியவில்லை. ஊர் தூங்குகிறது, தோஷிபாவின் சிப் ஆலை மட்டும் விழித்திருக்கிறது. அங்கே இரவும் பகலும் ஒன்றுதான். கூரையில் ஓடும் தண்டவாளங்களில் ரோபோ வண்டிகள் தொங்கியபடி போய்க்கொண்டிருக்கின்றன. அவை சுமக்கும் பெட்டிகளில் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் பளபளக்கும் சிலிக்கான் வட்டுகள். ‘வேஃபர்’ என்பார்கள். ஒவ்வொன்றும் பல வாரங்களாக எந்திரம் எந்திரமாக ஏறி இறங்கி வந்தவை.

அப்போது மின்னழுத்தம் சற்றே தாழ்ந்தது. மின்சாரம் முழுதாக அறுந்துபோகக்கூட இல்லை. தாழ்ந்து, மீண்டும் எழுந்தது. மொத்தம் 0.07 விநாடி.

நம் வீட்டில் என்றால் டியூப் லைட் ஒருமுறை சிமிட்டியிருக்கும். அதையும் பாதிப் பேர் கவனித்திருக்க மாட்டோம். யொக்காய்ச்சியில் எந்திரங்கள் நின்றன. உள்ளே பாதி வேலையில் இருந்த வேஃபர்கள் வீணாயின. அடுத்த ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் அனுப்பவேண்டிய சரக்கில் 20 சதவீதம் வரை குறையக்கூடும் என்று தோஷிபா அறிவித்தது. அன்று உலகத்தின் ஃபிளாஷ் மெமரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தோஷிபாவினுடையது.

ஒன்பது ஆண்டு கழித்து, 2019 ஜூன் 15 அன்று அதே ஊரில் மறுபடியும் மின்தடை. இந்த முறை 13 நிமிடம். அந்த ஆலையின் கூட்டாளியான வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் பங்குக்கு மட்டும் சுமார் 6 எக்ஸாபைட் உற்பத்தி போயிற்று என்றது. அதாவது ஒரு டெராபைட் எஸ்.எஸ்.டி. 60 லட்சம் செய்யப் போதுமான சரக்கு. இயல்பு நிலை திரும்ப ஜூலை நடுப்பகுதி வரை ஆயிற்று. 2022 பிப்ரவரியில் மின்சாரம் ஒழுங்காகவே இருந்தது. உற்பத்திக்கான மூலப்பொருளில் மாசு கலந்துவிட்டது. குறைந்தது 6.5 எக்ஸாபைட் போனது.

சென்னை ரிச்சி தெருவில் எஸ்.எஸ்.டி. விற்கும் கடைக்காரர் கால்குலேட்டரைத் தட்டிவிட்டு, “இன்னைக்கு ரேட் இது. நாளைக்கு வந்து இதே ரேட்டைக் கேட்காதீங்க” என்று சொல்லும்போது நாம் அவரைத்தான் சந்தேகிக்கிறோம். அவருக்கு முன்னால் நீண்ட ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசையின் முனையில் யார் நிற்கிறார்கள், நாம் ஏன் வாலில் நிற்கிறோம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

மனை தீர்ந்தது, மாடி எழும்பியது

கணினியில் தரவைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே அதிகம் இல்லை. ஒரு பச்சை அல்லது கறுப்புப் பலகை; அதில் தரவைச் சேமிக்கும் நேண்ட் ஃபிளாஷ் சிப்புகள்; எதை எங்கே வைப்பது என்று நிர்வகிக்கும் கன்ட்ரோலர் சிப் ஒன்று; விலை கூடிய வகைகளில் சிறிதளவு டிராம் என்ற தற்காலிக நினைவகம். கொள்ளளவு கூடக் கூட மொத்தச் செலவில் நேண்டின் பங்கும் கூடிக்கொண்டே போகும். ஆகவே எஸ்.எஸ்.டி. விலை என்பது பெரும்பாலும் நேண்ட் விலைதான்.

நேண்ட் சிப்பை மலிவாக்க இரண்டே வழி. ஒரே இடத்தில் தரவு தங்கும் அறைகளை அதிகமாகக் கட்டுவது. ஒரே அறையில் அதிகப் பேரை உட்கார வைப்பது.

முதல் வழியில் பல ஆண்டுகள் அறைகளைச் சிறிதாக்கிக்கொண்டே வந்தார்கள். 15, 16 நானோமீட்டர் அளவுக்கு வந்தபோது பக்கத்து அறைச் சத்தம் இந்த அறையில் கேட்கத் தொடங்கியது. மின்னூட்டம் கலந்து தரவு குழம்பியது. மனை தீர்ந்துபோன நகரம் என்ன செய்யுமோ அதையே சிப் தொழிலும் செய்தது. 2013-ல் சாம்சங் 24 அடுக்கு கொண்ட சிப்பை உற்பத்திக்குக் கொண்டுவந்தது. 2022-ல் மைக்ரான் 232 அடுக்கு. 2024 நவம்பரில் எஸ்.கே. ஹைனிக்ஸ் 321.

மாடி கூடினால் விலை குறையவேண்டும் அல்லவா? குறைந்தது, ஆனால் முன்போல வேகமாக இல்லை. ஒவ்வொரு மாடிக்கும் மெல்லிய படலம் பூச வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். எல்லா மாடிகளையும் துளைத்து மேலிருந்து கீழ்வரை நேர்க்குத்தாக ஓட்டை போடவேண்டும். போர்வெல் போடுபவருக்குத் தெரியும், ஆழம் போகப் போகக் குழாய் சாயும். இங்கே ஒரு வேஃபரில் இப்படிப்பட்ட துளைகள் லட்சம் கோடிக்கும் மேல். ஒன்றும் சாயக் கூடாது. 321 அடுக்கை ஒரே மூச்சில் துளைக்க முடியாமல் எஸ்.கே. ஹைனிக்ஸ் மூன்று தவணையாகத் துளைத்து இணைக்கிறது. வெறும் வேஃபராக உள்ளே போனது முடிந்து வெளியே வர மாதக் கணக்காகிறது. மின்சாரம் சிமிட்டினால் ஏன் இவ்வளவு இழப்பு என்பதற்கும் விடை இதில்தான் இருக்கிறது.

இரண்டாவது வழி ஒரே அறையில் அதிக பிட்டுகளை அடைப்பது. நம் பாட்டிகள் வீட்டில் இருந்த படியை நினைத்துக்கொள்ளுங்கள். நிறைந்திருக்கிறதா, காலியா என்று மட்டும் பார்த்தால் ஒரு பிட். ஆழாக்கு ஆழாக்காக எட்டு நிலைகளைப் பிரித்துப் பார்த்தால் மூன்று பிட். அரை ஆழாக்குத் துல்லியத்தில் பதினாறு நிலைகளைப் பார்த்தால் நான்கு பிட். படி ஒன்றுதான், அதில் அடங்கும் கணக்குக் கூடுகிறது. ஆனால் அளவு நுணுக்கமாக ஆக ஆகப் பிழை வரும், எழுதும் வேகம் குறையும், படியும் சீக்கிரம் தேயும்.

┌─────────────
பெட்டி: எத்தனை முறை எழுதலாம்?

அறைக்கு ஒரு பிட் (எஸ்.எல்.சி.): ஏறத்தாழ 1 லட்சம் முறை.
இரண்டு பிட் (எம்.எல்.சி.): சில ஆயிரம் முதல் 10,000 வரை.
மூன்று பிட் (டி.எல்.சி.): 1,000 முதல் 3,000 வரை. இன்று கடைகளில் கிடைக்கும் நல்ல எஸ்.எஸ்.டி.க்களில் பெரும்பாலானவை இவையே.
நான்கு பிட் (கியூ.எல்.சி.): ஏறத்தாழ 1,000 அல்லது அதற்கும் கீழே. விலை மலிவுக்கு இதுவே முதல் காரணம்.

தயாரிப்பு, தலைமுறையைப் பொறுத்து இந்த எண்கள் மாறும்.
└─────────────

தக்காளிக் கணக்கு

தொழில்நுட்பம் விலையை மெல்ல மெல்லக் கீழே இழுக்கும். அப்படியானால் ஒரே ஆண்டில் பாதியாக விழுவதும் மறு ஆண்டே ஏறி நிற்பதும் ஏன்?

ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி கொண்டுவரும் விவசாயிக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. விலை நன்றாக இருந்தபோது எல்லோரும் நட்டார்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் காய்த்தது. பறிக்கும் கூலிக்குக்கூடக் கட்டுப்படியாகவில்லை. அடுத்த பட்டத்தில் யாரும் நடவில்லை. விலை மறுபடி ஏறியது.

நேண்ட் தொழிலும் இதே சுழற்சிதான், ஒரு கொடுமையான வித்தியாசத்தோடு. தக்காளிக்காரர் மூன்று மாதத்தில் முடிவை மாற்றலாம். சிப் ஆலைக்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அடிக்கல் நாட்டியிருக்க வேண்டும். தென்கொரியாவின் பியோங்டெக்கில் முதல் ஆலைக்கு சாம்சங் ஒதுக்கிய தொகை 15.6 லட்சம் கோடி வோன். கட்டி முடித்தபிறகு ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் எந்திரத் தேய்மானம் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். விற்கும் விலை அடக்கத்துக்குக் கீழே போனால்கூட, ஆலையை நிறுத்தினால் வரும் நஷ்டம் அதைவிடப் பெரிது. அதனால் எல்லோரும் ஓட்டுகிறார்கள். எல்லோரும் ஓட்டுவதால் விலை இன்னும் விழுகிறது.

2023 இந்தச் சுழற்சியின் அடிமட்டம். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு லேப்டாப் விற்றதைப் பார்த்து உற்பத்தியைப் பெருக்கினார்கள். உலகம் வேலைக்குத் திரும்பியதும் வாங்க ஆளில்லை. அந்த ஆண்டு சாம்சங்கின் சிப் பிரிவுக்கு 14.88 லட்சம் கோடி வோன் நஷ்டம். எஸ்.கே. ஹைனிக்ஸுக்கு 7.73 லட்சம் கோடி வோன். மைக்ரானின் 2023 நிதியாண்டு நஷ்டம் 583 கோடி டாலர். அமெரிக்கக் கடைகளில் 2 டெராபைட் எஸ்.எஸ்.டி. நூறு டாலருக்குக் கீழே வந்தது. இங்கே ஐயாயிரம் ரூபாய்க்குள் 1 டெராபைட் வாங்க முடிந்தது. அதுதான் சரியான விலை என்று நம் மனதில் பதிந்துவிட்டது. உண்மையில் அது யாரோ ரத்தம் சிந்திக்கொண்டிருந்த விலை.

2023 ஏப்ரலில் சாம்சங்கே உற்பத்தியைக் குறைப்பதாக அறிவித்தது. மற்றவர்கள் அதற்கு முன்பே குறைத்திருந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் விலை திரும்பியது.

விரல்விட்டு எண்ணும் கூட்டம்

இவர்கள் எல்லோரும் உற்பத்தியைக் குறைத்தால் விலை ஏறுகிறது என்றால், மொத்தம் எத்தனை பேர்? சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், கியோக்ஸியா, சான்டிஸ்க், மைக்ரான், சீனாவின் ஒய்.எம்.டி.சி. தோஷிபாவின் மெமரி பிரிவாக இருந்த கியோக்ஸியாவும் வெஸ்டர்ன் டிஜிட்டலிலிருந்து பிரிந்த சான்டிஸ்க்கும் ஒரே ஆலைகளில் இருந்து பங்கு பிரித்துக்கொள்பவை. கடையில் தொங்கும் மற்றப் பெயர்கள் எல்லாம் இவர்களிடம் சிப் வாங்கிப் பலகையில் ஒட்டி விற்பவைதான்.

முன்பு இன்னும் ஒருவர் இருந்தார். இன்டெல் தன் நேண்ட் தொழிலை 900 கோடி டாலருக்கு எஸ்.கே. ஹைனிக்ஸுக்கு விற்றுவிட்டு வெளியேறியது. ஆறாவதாக வந்த ஒய்.எம்.டி.சி. மலிவு விலையில் மற்றவர்களை உலுக்கக்கூடியது என்ற எதிர்பார்ப்பு இருந்தது. 2022 அக்டோபரில் 128 அடுக்கும் அதற்கு மேலும் உள்ள நேண்ட் உற்பத்திக்கான எந்திரங்கள் சீனாவுக்குப் போக அமெரிக்கா தடை விதித்தது. டிசம்பரில் அந்த நிறுவனத்தையே கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்காவின் பாதுகாப்புக் காரணங்கள் ஒருபுறம் இருக்கட்டும். வாங்குபவன் பக்கம் நின்று பார்த்தால் போட்டியாளர் ஒருவரின் கால் கட்டப்பட்டது.

சிப் தயாரிப்பாளர்கள் கூடிப்பேசி விலை வைக்கிறார்கள் என்று நேண்ட் விஷயத்தில் குற்றம் சாட்ட என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் இதன் உடன்பிறப்பான டிராம் சந்தையில் அப்படி நடந்திருக்கிறது. விலை நிர்ணயச் சதியை ஒப்புக்கொண்டு 2005-ல் சாம்சங் 30 கோடி டாலரும் ஹைனிக்ஸ் 18.5 கோடி டாலரும் அமெரிக்காவில் அபராதம் கட்டின. ஆட்டக்காரர்கள் குறைவாக இருக்கும் சந்தையைக் கண்காணிக்க வேண்டியது அரசுகளின் வேலை. அந்த வேலையில் அசட்டை கூடாது என்பதற்கு இதுவே போதும்.

┌─────────────
பெட்டி: கண்டுபிடித்தவருக்குக் கிடைத்தது

ஃபிளாஷ் மெமரியைக் கண்டுபிடித்தவர் தோஷிபா பொறியாளர் ஃபுஜியோ மசுவோகா. 1984-ல் நார் வகையையும் 1987-ல் நேண்ட் வகையையும் உலகுக்கு அறிமுகம் செய்தார். ஒரே நொடியில் தரவு அழிவது கேமராவின் ஃபிளாஷ் போல இருக்கிறது என்று பெயர் சொன்னவர் சக ஊழியர் ஷோஜி அரியிசுமி.

1994-ல் மசுவோகா தோஷிபாவை விட்டு விலகிப் பேராசிரியரானார். தன் கண்டுபிடிப்புக்கு உரிய பங்கு கேட்டு 2004-ல் வழக்குப் போட்டார். கேட்டது 100 கோடி யென். 2006-ல் சமரசத்தில் கிடைத்தது 8.7 கோடி யென்.

அந்தத் தோஷிபா அமெரிக்க அணு உலைத் தொழிலில் பட்ட நஷ்டத்தை ஈடுகட்ட, தன் மெமரி பிரிவை 2018-ல் 2 லட்சம் கோடி யென்னுக்கு விற்றது. கியோக்ஸியா என்று இன்று வழங்குவது அதுதான். நினைவு என்று பொருள்படும் ஜப்பானியச் சொல் ‘கியோக்கு’ அந்தப் பெயருக்குள் இருக்கிறது.
└─────────────

முதல் பந்தியில் ஏ.ஐ.

2025-ன் பிற்பகுதியில் தொடங்கிய ஏற்றம் முந்தைய ஏற்றங்களைப் போன்றது அல்ல. ஆலை எரியவில்லை, மின்சாரம் போகவில்லை. விருந்துக்குப் பெரிய பசியோடு ஒரு கூட்டம் வந்து முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டது.

ஏ.ஐ. தரவு மையங்கள் மூன்று வழிகளில் நம் எஸ்.எஸ்.டி. மீது கை வைக்கின்றன. முதலாவது நேரடியானது. ஏ.ஐ. மாதிரிகளுக்கு ஊட்டும் தரவையும் அவை நொடிக்கு நொடி உருவாக்கும் தரவையும் வைக்க அவற்றுக்கு வேகமான சேமிப்பு வேண்டும். இரண்டாவது சுற்றுவழி. பெருமளவு தரவை இதுவரை மலிவான ஹார்டு டிஸ்க்குகளில்தான் வைத்தார்கள். அந்த ஹார்டு டிஸ்க்குகளுக்கே 2025-ல் தட்டுப்பாடு வந்தது. ஆர்டர் கொடுத்து ஓராண்டுக்கும் மேல் காத்திருக்கும் நிலை. காத்திருக்க மனமில்லாதவர்கள் நான்கு பிட் எஸ்.எஸ்.டி. பக்கம் திரும்பினார்கள். மூன்றாவது வழி கண்ணுக்குத் தெரியாதது, எனக்கு அதிகம் கவலை தருவதும் அதுதான். ஏ.ஐ. சிப்புகளோடு ஒட்டி வேலை செய்யும் எச்.பி.எம். என்ற உயர்வகை டிராமில் லாபம் மிக அதிகம். சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் மூவரும் டிராமும் செய்பவர்கள். கையில் இருக்கும் முதலீட்டை எதில் போடுவார்கள்? 2023-ல் கை சுட்டுக்கொண்ட நேண்டிலா?

2025 டிசம்பரில் மைக்ரான் வெளியிட்ட அறிவிப்பு இதை உடைத்துச் சொல்லிவிட்டது. ‘குரூஷியல்’ என்ற பெயரில் சாதாரண வாடிக்கையாளர்களுக்கு ராம், எஸ்.எஸ்.டி. விற்கும் தொழிலையே 2026 பிப்ரவரியோடு நிறுத்துவதாகச் சொன்னது. சொன்ன காரணம், தரவு மைய வாடிக்கையாளர்களுக்குச் சரக்கு போதவேண்டும் என்பது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக இருந்த பெயர். நம் ஊரில் பழைய லேப்டாப்புக்கு உயிர் கொடுக்க எத்தனையோ பேர் வாங்கியது அந்தப் பெயரில்தான்.

பெரிய வாடிக்கையாளர்கள் காலாண்டுக்கோ ஆண்டுக்கோ ஒப்பந்தம் போட்டு விலையைக் கட்டிவிடுகிறார்கள். மிச்சம் மீதி வெளிச்சந்தைக்கு வரும். சிறு பிராண்டுகளும், அவர்களிடம் வாங்கும் இறக்குமதியாளர்களும், அவர்களிடம் எடுக்கும் ரிச்சி தெருவும் அந்தச் சந்தையில்தான். அங்கே விலை தினமும் மாறும். அதன்மேல் டாலர் வேறு. 2025 டிசம்பரில் ஒரு டாலர் 90 ரூபாயைத் தாண்டியது. டாலரில் வந்து ரூபாயில் விழும் விலை மீது 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கடைக்காரர் கால்குலேட்டரில் தட்டுவது இதையெல்லாம் கூட்டித்தான்.

யார் தலையில் விடிகிறது?

லேப்டாப் கம்பெனிகள் விலையைச் சட்டென்று ஏற்றத் தயங்கும். வேறு வழி வைத்திருக்கின்றன: பெட்டியின் விலை அதே, உள்ளே 512 ஜி.பி. இருந்த இடத்தில் 256. தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது டேப்லெட் என்று அறிவித்தது. இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் எந்த அரசு வாங்கினாலும், சேமிப்பகத்தின் விலை சில நூறு ரூபாய் ஏறினாலே கூடுதல் செலவு கோடிகளைத் தாண்டும்.

மாணவருக்காவது ஒரு பெட்டி போதும். கல்யாண வீடியோ எடுப்பவர் நிலையைப் பாருங்கள். 4கே-யில் இரண்டு கேமரா, ஒரு டிரோன் என்று ஒரு முகூர்த்தத்துக்குச் சில நூறு ஜி.பி. சேர்ந்துவிடும். ஆவணி, தை முகூர்த்த மாதங்களில் வாரத்துக்கு மூன்று கல்யாணம். எடிட்டிங்குக்கு எஸ்.எஸ்.டி. இல்லாமல் முடியாது. விலை ஏறினால் அவர் என்ன செய்வார்? ஆல்பம் கொடுத்த கையோடு மூலப் பதிவை அழித்துவிட்டு அதே டிஸ்க்கில் அடுத்த கல்யாணத்தை ஏற்றுவார். ஐந்து வருடம் கழித்து இறந்துபோன தாத்தாவின் முகம் அந்தப் பதிவில் எங்காவது இருக்குமா என்று தேடி வருபவருக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது. ஒரு சிப்பின் விலை ஒரு குடும்பத்தின் நினைவைத் தொடும் இடம் இது.

இன்னொரு ஆபத்து போலிகள். விலை ஏறும் ஒவ்வொரு முறையும் இவை பெருகும். 64 ஜி.பி. சிப்பை வைத்து, 2 டெராபைட் என்று கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லும்படி மென்பொருளை மாற்றி விற்பார்கள். நானும் ஒருமுறை ஓர் இணையக் கடையில் இப்படி ஒன்றை வாங்கி ஏமாந்தேன். அப்பாவின் பழைய படங்களை ஸ்கேன் செய்து அதில் நகலெடுத்தேன். எல்லாம் ஏறியதாகவே காட்டியது. கோப்புகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. திறந்தால் பாதிக்கு மேல் வெற்றுச் சாம்பல் நிறம். ஸ்கேன் செய்த மூலத்தை லேப்டாப்பில் அழிக்காமல் வைத்திருந்ததால் தப்பித்தேன்.

முறையான பிராண்டுகளிலும் ஒரு பழக்கம் உண்டு. விமர்சகர்கள் பாராட்டியபோது உள்ளே இருந்த சிப்பை, பெயரும் பெட்டியும் மாறாமல் வேறொன்றாக மாற்றிவிடுவது. 2021-ல் பல தயாரிப்புகளில் இது அம்பலமானது. பொருள் மாறினால் பெயரும் மாறவேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

┌─────────────
பெட்டி: வாங்கும் முன்

டெராபைட் எத்தனை என்று மட்டும் பார்க்காமல் டி.பி.டபிள்யூ. எத்தனை என்று கேளுங்கள். மொத்தம் எத்தனை டெராபைட் எழுதும்வரை உத்தரவாதம் என்பதே அது. நல்ல மூன்று பிட் 1 டெராபைட் எஸ்.எஸ்.டி.க்கு 600 என்பது வழக்கமான அளவு.

செகண்ட் ஹேண்ட் வாங்கினால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஓடிய மணிநேரத்தையும் எழுதிய அளவையும் பாருங்கள். புதிதாக வாங்கியதில் எச்2டெஸ்ட்டபிள்யூ ஓட்டினால் கொள்ளளவு பொய்யா என்று தெரிந்துவிடும்.

எஸ்.எஸ்.டி.யை அலமாரியில் பூட்டி வைக்கும் பெட்டகமாக நினைக்காதீர்கள். தேய்ந்த எஸ்.எஸ்.டி. மின்சாரம் இல்லாமல் நெடுநாள் கிடந்தால் அறைகளில் உள்ள மின்னூட்டம் கசியும். வெப்பத்தில் இன்னும் சீக்கிரம். காலத்துக்கும் வேண்டிய படங்களை ஹார்டு டிஸ்க்கிலும் இன்னொரு நகலாக வையுங்கள்.
└─────────────

எப்போது இறங்கும்?

குஜராத்தின் சானந்தில் மைக்ரான் ஆலை அமைத்திருக்கிறதே, விலை குறையாதா என்று கேட்கிறார்கள். அது சிப்பை வெட்டி, உறையிட்டு, சோதிக்கும் ஆலை. வேலை வரும், திறமை வளரும், அது நல்ல விஷயம். ஆனால் விலையைத் தீர்மானிக்கும் வேஃபர் அங்கே பிறப்பதில்லை. நேண்ட் எங்கே உறையிடப்பட்டாலும், மலேசியாவின் பினாங்கிலோ சானந்திலோ, விலை உலகச் சந்தையுடையது.

மேலும் ஆலைகள் வந்தால்தான் விலை இறங்கும். வடகிழக்கு ஜப்பானின் கிட்டகாமியில் கியோக்ஸியாவின் இரண்டாவது கட்டடம் 2025 செப்டம்பரில் ஓடத் தொடங்கியது. ஆனால் 2023-ன் நஷ்டத்தைக் கண்ட எந்த நிறுவனமும் இப்போது கண்ணை மூடிக்கொண்டு முதலீடு செய்யாது. தரவு மையங்களின் ஓட்டம் சறுக்கினால் ஒரே ஆண்டில் விலை கவிழும். அதுவரை இன்றே தேவை என்றால் தேவையான அளவுக்கு வாங்குவதும், ஆசைக்கு வாங்குவதைத் தள்ளிப்போடுவதும்தான் என் ஆலோசனை.

1991-ல் சான்டிஸ்க் ஐ.பி.எம்.முக்கு விற்ற முதல் ஃபிளாஷ் எஸ்.எஸ்.டி. 20 மெகாபைட்; விலை ஆயிரம் டாலர் அளவில். அந்தக் கணக்கில் இன்றைய 1 டெராபைட்டுக்கு 5 கோடி டாலர். ரிச்சி தெருவில் முதுகில் பையோடு நிற்கும் மாணவருக்கு இந்தக் கணக்கால் ஆவது ஒன்றுமில்லை. அவர் 1 டெராபைட் வாங்க வந்தவர். கையிலிருந்த பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, “512 இருக்காண்ணா?” என்று கேட்கிறார்.